பொலிஸ் என்றொரு கிரேக்கச் சொல்



ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, கிரேக்க நகர அரசுகள், சாக்ரடீஸ் குடித்த நஞ்சு எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தாகிவிட்டது. அதைத் திரும்ப ஒப்பிக்க நான் வரவில்லை. 'பொலிஸ்' என்ற ஒரே ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன். 'பொ' குறில். நெடிலாக இழுத்தால் காவல் நிலையத்துக்குப் போய்விடுவீர்கள். இலங்கையில் காவல்துறையையே குறில் போட்டு 'பொலிஸ்' என்றுதான் எழுதுகிறார்கள். காவல்துறையின் கதைக்கும் வருவேன்.

இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, சொல்லாராய்ச்சி என்கிற கலையை எப்படிச் செய்யலாம், எப்படிச் செய்யக்கூடாது என்று சொல்ல ஆசை. ஆசை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் எரிச்சல்.

ஒரு நூலக விழாவில் பேசிவிட்டு இறங்கினேன். ஒரு தம்பி கைப்பேசியோடு வந்தார். "ஐயா, பொலிஸ்னா நம்ம புரம்தானே? காஞ்சிபுரம், விழுப்புரம் மாதிரி. அப்போ கிரேக்கர்கள் நம்மகிட்ட இருந்துதானே எடுத்துட்டுப் போயிருக்காங்க?" பக்கத்தில் நின்ற இன்னொருவர் விடவில்லை. "இல்ல சார், போலீஸ் இருக்கிற இடம் பொலிஸ்." இரண்டு பேரும் என் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்று சொல்லாததை இன்று சொல்லிவிடுகிறேன்.

முதல் தம்பி சொன்னதில் கால்வாசி சரி. வேதகால வடமொழியில் 'பூர்' அல்லது 'புர' என்றால் அரண், கோட்டை. லித்துவேனிய மொழியில் இன்றும் 'பிலிஸ்' என்றால் கோட்டை. கிரேக்கப் பொலிஸும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்பது மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் செய்தி. கிரேக்கத்தில் 'ல' நிற்கும் சில இடங்களில் வடமொழியில் 'ர' நிற்கும். கோட்டை என்ற அந்தப் பழைய பொருளுக்குச் சாட்சி தேடி லித்துவேனியா வரைக்கும்கூடப் போக வேண்டாம். சிவன் எரித்தது முப்புரம். மூன்று ஊர் அல்ல, மூன்று கோட்டை. அதனால்தான் நம் பழம்புலவர்கள் அதை 'மூவெயில்' என்றார்கள். எயில் என்றால் மதில். இந்திரனுக்குப் புரந்தரன் என்று பெயர் வந்ததும் கோட்டைகளை உடைத்ததால்தான்.

ஆகவே பொலிஸும் புரமும் ஒரு வயிற்றில் பிறந்தவை. ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை அல்ல. ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது கைப்பேசி வரலாறு.

இரண்டாமவர் சொன்னது தலைகீழ். பொலிஸில் வாழ்பவன் 'பொலிதேஸ்', குடிமகன். குடிமக்களின் ஆட்சி ஒழுங்கு 'பொலிதேயா'. அது லத்தீனுக்குப் போய், பிரெஞ்சுக்குப் போய், நிர்வாகம் என்று பொருள் தந்து, ஒழுங்கு காப்பது என்று சுருங்கி, கடைசியில் சீருடை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. காவல்துறை பொலிஸிலிருந்து வந்தது. பொலிஸ் காவல்துறையிலிருந்து வரவில்லை.

ஒலியை மட்டும் நம்புகிறவர்களுக்கு ஒரு பொறியும் உண்டு. ஹோமரின் காவியங்களில் பொலிஸ் என்ற சொல் சில இடங்களில் 'ப்தொலிஸ்' என்று வரும். உடனே, எகிப்தை ஆண்ட தாலமிகளின் பெயரும் 'ப்தொலெ' என்றுதானே தொடங்குகிறது, அதுவும் ஊர்ப்பெயர்தானோ என்று தோன்றும். இல்லை. அது 'ப்தொலெமோஸ்', போர் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒலி ஒட்டுகிறது, உறவு ஒட்டவில்லை.

சரி, வேர் கிடைத்தாகிவிட்டது. கோட்டை. இதோடு முடிந்ததா? இங்கேதான் இன்றைய வேர் தேடும் மோகத்தின் மேல் எனக்குக் கோபம். வேர் கிடைத்ததும் பொருள் கிடைத்துவிட்டது என்று எழுந்து போய்விடுகிறார்கள். வேர், ஒரு சொல் எங்கே பிறந்தது என்று சொல்லும். அதற்கு என்ன பொருள் என்று சொல்லாது. மறுபடியும் சொல்கிறேன், வேர் பொருளைச் சொல்லாது. பொருளைச் சொல்வது வழக்கு.

எனக்குக் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான பாதிரியார். மாணவர்கள் அகராதியைப் பார்த்து 'பொலிஸ் என்றால் நகரம்' என்று எழுதிக்கொண்டு போனால் பேனாவால் மேசையைத் தட்டுவார். "வினை எங்கேப்பா?" என்பார். அவ்வளவுதான் பாடம். ஒரு பெயர்ச்சொல்லின் பொருள் தெரிய வேண்டுமானால் அது எந்த வினையோடு கூடுகிறது என்று பார். அது செய்கிறதா, செய்யப்படுகிறதா? எழுவாயா, செயப்படுபொருளா? கட்டினார்கள், இடித்தார்கள், முற்றுகையிட்டார்கள் என்றால் அது இடம். முடிவெடுத்தது, கடன் வாங்கியது, சத்தியம் செய்தது என்றால் அது இடம் அல்ல. கல்லும் மண்ணும் சத்தியம் செய்யாது.

தமிழ்க் காதுக்கு இது புதிதே அல்ல. 'ஊரில் மழை' என்றால் ஊர் ஓர் இடம். 'ஊர் கூடி முடிவெடுத்தது' என்றால் ஊர் ஆட்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'ஊரோம்' என்றே கையெழுத்து விழுகிறது, ஊராகிய நாங்கள் என்று. இந்தக் காதோடு கேட்டால் பொலிஸ் பாதி புரிந்துவிடும்.

கிரீட் தீவில் திரேரோஸ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே அப்பொல்லோ கோயில் பக்கத்தில் 1936-இல் கல்வெட்டுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று கி.மு. 650 அளவில் வெட்டியது. கல்லில் வெட்டிய கிரேக்கச் சட்டங்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையவற்றில் ஒன்று. என்ன சட்டம்? 'கொஸ்மோஸ்' என்ற தலைமைப் பதவியில் ஒருமுறை இருந்தவன் பத்து ஆண்டுகளுக்கு மறுபடி அந்தப் பதவிக்கு வரக்கூடாது. இன்றைக்கும் பல நாடுகளில் கொண்டுவர முடியாத சட்டம்! அதை விடுங்கள். அந்தக் கல்லின் தொடக்கத்தைக் கவனியுங்கள். தீர்மானித்தது யார் என்று கேட்டால், பொலிஸ். அரசன் பெயர் இல்லை. பொருளளவில் பொலிஸ்தான் எழுவாய், தீர்மானித்தது என்பது வினை. என் பாதிரியார் இருந்திருந்தால் மேசையைத் தட்டியிருக்க மாட்டார்.

இருந்தாலும் எனக்குப் பிடித்தது திரேரோஸ் கல் இல்லை. சைப்ரஸ் தீவின் வெண்கலத் தகடு. இன்றைய பேச்சில் பாதியை அதற்குக் கொடுக்கப் போகிறேன். நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சைப்ரஸில் இடாலியோன் என்று ஓர் அரசு இருந்தது. இன்று அந்த இடத்துக்கு டாலி என்று பெயர். அங்கே கிடைத்த தகடு இப்போது பாரிசில், பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. சின்னத் தகடுதான், ஒரு புத்தகப் பக்கம் அளவு. இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி எழுத்து. தொங்கவிடுவதற்கு ஓரத்தில் ஒரு வளையம். காலம் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு. மொழி கிரேக்கம், எழுத்து கிரேக்க எழுத்து அல்ல. சைப்ரஸுக்கே உரிய அசையெழுத்து, வலமிருந்து இடமாக ஓடும். ஓர் எழுத்துக்கு ஓர் அசை. நம் உயிர்மெய் மாதிரிதான், ஆனால் புள்ளி கிடையாது. அதனால் 'ப்தொலின்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பொ, தொ, லி, னெ' என்று நான்கு எழுத்து போடுகிறார்கள். இதில் இரண்டு உயிர் வெறும் நிரப்பு, வாசிப்பவர் தானே விழுங்கிக்கொள்ள வேண்டும். ஹோமரின் பழைய 'ப்தொலிஸ்' வடிவம் சைப்ரஸில் அன்றைய வழக்கில் உயிரோடு இருந்தது என்பதற்கு இந்த நான்கு எழுத்து சாட்சி.

லூயின் என்ற பிரெஞ்சுப் பிரபு 1852-இலேயே இந்தத் தகட்டைப் படம்போட்டு வெளியிட்டுவிட்டார். படிக்கத்தான் ஆளில்லை. 1871-இல் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இந்த எழுத்துக்குத் திறவுகோல் கண்டார். பினீசிய மொழியும் சைப்ரஸ் எழுத்தும் சேர்ந்திருந்த ஓர் இருமொழிக் கல்வெட்டு அவருக்கு உதவியது. அதுவும் இடாலியோனில் கிடைத்ததுதான். ஸ்மித் பல்கலைக்கழகம் போனவர் அல்ல, அச்சுக்குச் செதுக்கும் தொழில் பழகியவர். மறு ஆண்டே கில்கமேஷ் காவியத்தின் வெள்ளக் கதையைக் கண்டெடுத்தவரும் இவர்தான். செதுக்குபவன் கண்ணுக்குத்தான் கோடு தெரியும்போலிருக்கிறது.

தகட்டில் என்ன இருக்கிறது? ஓர் ஒப்பந்தம். பாரசீகர்களும், பக்கத்து ஊரான கிதியோன்காரர்களும் சேர்ந்து இடாலியோனை முற்றுகையிடுகிறார்கள். சண்டையில் பலருக்குக் காயம். ஓனசிலோஸ் என்ற வைத்தியரும் அவருடைய சகோதரர்களும் காயம்பட்டவர்களிடம் காசு வாங்காமல் மருத்துவம் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. பதிலுக்கு ஒரு தாலந்து எடை வெள்ளி. அந்த வெள்ளிக்குப் பதிலாக நிலம் கொடுக்கலாம், அதிலிருக்கும் மரம் செடிகளோடு, என்றென்றைக்கும் வரியில்லாமல். வைத்தியரையோ அவர் பிள்ளைகளையோ யாராவது நிலத்திலிருந்து வெளியேற்றினால், வெளியேற்றியவர் அந்த வெள்ளியைக் கொடுக்க வேண்டும். ஓனசிலோஸுக்கு மட்டும் தனியாக இன்னும் கொஞ்சம் வெள்ளி அல்லது நிலம். பெரியவர் ஆயிற்றே, தம்பிகளோடு சமமாக வைத்தால் ஒப்புக்கொள்ளவில்லையோ என்னவோ! தகட்டை அதேனா தேவியின் கோயிலில் வைத்து, மீறமாட்டோம் என்று சத்தியம்.

இப்போது வினையைக் கேளுங்கள். முதல் வரியில் பகைவர்கள் முற்றுகையிட்டது எதை? பொலிஸை. இங்கே அது இடம், மதில், வீடு, வாசல். செயப்படுபொருள். அடுத்து, வைத்தியருக்குச் சொன்னது யார்? அரசன் ஸ்தசிகுப்ரோஸும் பொலிஸும். இங்கே எழுவாய். அதோடு நிற்காமல் பொலிஸ் என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே 'இடாலியோன்காரர்கள்' என்று விளக்கம் போட்டிருக்கிறான் எழுதியவன். பொலிஸ் என்றால் யார் என்று கேட்பவனுக்கு இடாலியோன் மக்கள் என்று அந்தக் காலத்தவனே பதில் சொல்லிவைத்திருக்கிறான். நமக்கு அகராதி எதற்கு?

இன்னொன்று. வெள்ளி எங்கிருந்து வரும்? அரசன் வீட்டிலிருந்தும் பொலிஸிடமிருந்தும். அரசன் கருவூலம் வேறு, பொலிஸின் கருவூலம் வேறு. முடியாட்சி நடக்கும் ஊரிலேயே மக்கள் என்ற பொலிஸ் அரசனுக்குப் பக்கத்தில் நின்று கடன்படுகிறது, வாக்குக் கொடுக்கிறது, சத்தியம் செய்கிறது.

ஒரே தகடு, ஒரே சொல், இரண்டு பொருள். முதல் வரியில் மதில், அடுத்த வரியில் மக்கள். கோட்டை என்ற வேரை மட்டும் பிடித்துக்கொண்டு இந்தத் தகட்டைப் படித்தால் வைத்தியருக்குக் கூலி கொடுக்க முன்வந்தது சுவரா என்று கேட்க வேண்டிவரும்.

அந்த நிலம் வைத்தியர் குடும்பத்தில் எத்தனை தலைமுறை நின்றதோ, என்றென்றும் என்ற வாக்கு நீடிக்கவில்லை. சில பத்தாண்டுகளுக்குள் இடாலியோன் கிதியோன் அரசர்கள் கைக்குப் போய்விட்டது. முன்பு முற்றுகையிட்ட அதே கிதியோன்.

தகட்டை விட்டு வருகிறேன். ஏதென்ஸில் பழைய கோட்டைப் பொருள் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. நாம் அக்ரோபொலிஸ் என்று சொல்லும் பாறைக் குன்றை ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸ்காரர்கள் வெறுமனே 'பொலிஸ்' என்றார்கள். அரசாணைக் கல்லைப் பொலிஸில் நடுக என்றால் குன்றின் மேல் நடு என்று அர்த்தம். வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். சாதாரண ஊருக்கு, வீடும் தெருவுமான ஊருக்கு, அவர்களிடம் 'அஸ்து' என்று வேறு சொல் இருந்தது. வாஸ்து பார்க்கிறோமே, அந்த வாஸ்துவுக்கு இது உறவுமுறை என்பார்கள்.

இனி ஒரு மனிதரைச் சொல்லாமல் விட முடியாது. மோகன்ஸ் ஹெர்மன் ஹேன்சன், டென்மார்க்காரர். கோபன்ஹேகனில் 1993 முதல் 2005 வரை பொலிஸ் ஆய்வு மையம் ஒன்றை நடத்தினார். அவர் செய்த வேலை, என் பாதிரியாரின் பாடத்தைப் பெரிய அளவில் செய்ததுதான். பழைய நூல்களிலும் கல்வெட்டுகளிலும் பொலிஸ் என்ற சொல் வரும் இடங்களை ஒன்றுவிடாமல் திரட்டி, ஒவ்வொன்றிலும் அது இடமா, மக்களா என்று பார்ப்பது. பார்த்ததில் ஒரு விதி பிடிபட்டது. ஊர் என்ற பொருளில் சொன்னாலும், கிரேக்கர்கள் எல்லா ஊரையும் பொலிஸ் என்று சொல்லிவிடவில்லை. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு குடிமக்கள் கூட்டத்துக்கு மையமாக இருந்த ஊரை மட்டும்தான் அப்படிச் சொன்னார்கள். 2004-இல் அவரும் தாமஸ் ஹைன நீல்சனும் வெளியிட்ட பெரும் பட்டியலில் 1,035 பொலிஸ்கள் இருக்கின்றன. ஏதென்ஸ், ஸ்பார்ட்டா இரண்டைப் படித்துவிட்டுக் கிரேக்கம் தெரியும் என்கிறோம். மிச்சம் 1,033!

அவற்றில் பெரும்பாலானவை நம் கற்பனைக்கு அடங்காத அளவு சின்னவை. கேயோஸ் என்று ஒரு தீவு, சுமார் 130 சதுர கிலோமீட்டர். அதற்குள் நான்கு பொலிஸ்கள். அளவு பெரிதில்லை, கட்டடமும் பெரிதில்லை. ஸ்பார்ட்டாவுக்கு அதன் பெருமைக்காலத்தில் மதிலே கிடையாது, சில கிராமங்களின் தொகுப்பாகத்தான் இருந்தது. கோட்டை என்ற வேரோடு பிறந்த சொல், கோட்டையே இல்லாத ஊருக்குப் பெயரானது. கி.மு. 480-இல் பாரசீகர் வந்தபோது ஏதென்ஸ் மக்கள் ஊரைக் காலிசெய்து கப்பலேறினார்கள். ஊரில்லாதவனுக்குப் பேச என்ன உரிமை என்று கொரிந்துத் தளபதி இடித்துக் கேட்டபோது, ஆள்நிறைந்த இருநூறு கப்பல் இருக்கும்வரை எங்களுக்குப் பொலிஸும் உண்டு, நிலமும் உண்டு என்ற கருத்தில் ஏதென்ஸ் தளபதி தெமிஸ்தொக்ளிஸ் பதில் சொன்னதாக ஹெரொடோட்டஸ் எழுதுகிறார். வழக்கைப் பாருங்கள், நேயர்களே. வேரை அல்ல.

இந்த மக்கள் என்பதில் யார் யார் என்று கேட்டால் கசப்புதான். பெண்களுக்குச் சபையில் இடமில்லை, அடிமைகள் கணக்கிலேயே இல்லை. கி.மு. 451-இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டப்படி தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளை குடிமகன். பொலிஸ் என்றால் என்ன, குடிமகன் என்றால் யார் என்று நமக்கு நூல் எழுதிவைத்த அரிஸ்டாட்டிலே ஸ்தகெய்ராவில் பிறந்தவர். ஏதென்ஸில் அவர் வெளியூர்க்காரர். அந்தச் சபையில் அவருக்கு ஓட்டுக் கிடையாது.

பிற்காலத்தில் சொல் நீர்த்துப்போனது. ரோமாபுரியின் ஆட்சி வந்த பிறகு பொலிஸ் என்றால் பெரும்பாலும் சொல்லிக்கொள்ளும்படியான ஊர், அவ்வளவுதான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பௌசானியாஸ் என்ற பயணி பனோபெயுஸ் என்ற ஊருக்குப் போய், அரங்கம் இல்லை, சந்தைத் திடல் இல்லை, குழாய்த் தண்ணீர்கூட இல்லை, இதைப் போய்ப் பொலிஸ் என்கிறார்களே என்று முகம் சுளிக்கிறார். அப்புறம் அவரே, எல்லைக்கல் இருக்கிறது, வட்டாரச் சபைக்குப் பிரதிநிதி அனுப்புகிறார்கள் என்றும் எழுதிவைக்கிறார். பழைய பொருள் அந்தப் பட்டிக்காட்டில்தான் மிச்சம் இருந்தது. அதே நூற்றாண்டில் புவியியல் எழுதிய தாலமி, மதுரையைப் பாண்டியனின் அரசிருக்கை என்றும், காவிரிப்பூம்பட்டினமாகக் கருதப்படும் 'கபேரிஸ்' என்ற இடத்தை வணிகத்துறை என்றும் குறிக்கிறார். எந்த ஊருக்கு எந்தச் சொல் என்ற நுணுக்கம் அவரிடம் இன்னும் கொஞ்சம் இருந்தது.

நம் காலத்தில் அந்த நுணுக்கமும் போய்விட்டது. கண்ணாடிக் கட்டடம் நான்கு கட்டினால் பெயருக்குப் பின்னால் 'பொலிஸ்' என்று வால் ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே குடியிருப்பவர்கள் கூடி ஒரு முடிவெடுக்க ஓர் அறை இருக்கிறதா என்று கேட்டால் பதில் இல்லை. குடியேற்ற ஊர்கள் தாய் ஊரை 'மெத்ரோபொலிஸ்' என்றன. சிரக்கூஸ் நகருக்குத் தாய் கொரிந்து. அந்தத் தாயின் பெயரைப் பாதியாக வெட்டித்தான் சென்னையில் மெட்ரோ ஏறுகிறோம். கிரேக்கர்களுக்கு இன்றும் எந்த அடைமொழியும் இல்லாமல் 'பொலி' என்றால் ஒரே ஊர்தான், கான்ஸ்டான்டிநோபிள். 1453-இல் கைவிட்டுப் போன ஊர். இஸ்தான்புல் என்ற பெயரே 'பொலிக்கு' என்ற பொருள்தரும் கிரேக்கத் தொடரிலிருந்து வந்தது என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம்.

நேரம் முடிகிறது. ஒரே ஒரு வேண்டுகோள். அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' நூலை எடுப்பவர்கள் முதல் புத்தகத்தில் தொடங்கி, வீட்டு நிர்வாகம், பொருளீட்டல் என்று அலைந்து களைத்து மூடிவிடுகிறார்கள். மூன்றாம் புத்தகத்தில் தொடங்குங்கள். ஒரே இடத்தில் மதில் கட்டிக்கொண்டு வாழ்ந்தால் மட்டும் பொலிஸ் ஆகிவிடுமா என்று அவர் அங்கேதான் கேட்கிறார். பெலொப்பொன்னேஸ் முழுவதையும் சுற்றி மதில் எழுப்பலாமே, அது பொலிஸ் ஆகிவிடுமா என்று மடக்குகிறார். பாபிலோன் பிடிபட்டு மூன்றாம் நாள் ஆகியும் ஊரின் ஒரு பகுதிக்குச் செய்தி தெரியவில்லையாம், அதுவும் பொலிஸா என்கிறார். படிக்கும்போது பக்கத்தில் ஒரு பென்சில் வைத்துக்கொண்டு, பொலிஸ் வரும் இடங்களில் வினையை அடிக்கோடிடுங்கள்.